உயர்திணைக்கு வெளியே: பின்மானுடவாதம் எதைக் கேட்கிறது?

மூளையில் சில்லு பதிப்பது பற்றிய கட்டுரையில் அந்தச் சொல் வருகிறது. ஓர் ஆற்றைச் சட்டப்படி 'நபர்' என்று அறிவித்த செய்தியை அலசும்போதும் வருகிறது. உயிரியல் பூங்காவிலிருந்து யானையை விடுவிக்கக் கோரிய வழக்கு, கணினி வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்ற வழக்கு, காட்டில் காளான் பறிப்பவர்களைப் பற்றிய மானிடவியல் ஆய்வு என எல்லாவற்றின் மேலும் அதே முத்திரை: போஸ்ட்ஹியூமனிசம், தமிழில் பின்மானுடவாதம். இத்தனை சரக்கையும் ஒரே மூட்டையில் எப்படிக் கட்டினார்கள் என்று வாசகர் திகைப்பது இயல்பு. குழப்பத்தில் பாதி, சொல்லிலேயே இருக்கிறது.

## மனிதநேயம் வேறு, மானுடவாதம் வேறு

ஹியூமனிசம் என்பதைத் தமிழில் நெடுங்காலம் 'மனிதநேயம்' என்றே எழுதிவந்திருக்கிறோம். மனிதநேயம் என்றால் இரக்கம், பிறர் துன்பம் கண்டு உருகும் மனம். ஆகவே அதன் முன்னால் 'பின்' சேர்ந்ததும், இரக்கத்தைக் கைவிடச் சொல்லும் ஏதோ ஒரு கொள்கைபோல ஒலிக்கிறது. இங்கே யாரும் இரக்கத்தை எதிர்க்கவில்லை. சண்டை ஓர் அளவுகோலைப் பற்றியது.

அந்த அளவுகோல் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் செதுக்கப்பட்டது. மற்ற உயிர்களுக்கு இயல்பு முன்பே வகுக்கப்பட்டுவிட்டது, மனிதன் மட்டுமே தன்னைத் தானே வடித்துக்கொள்ள முடியும் என்று 1486-இல் எழுதினார் இத்தாலியின் பிக்கோ டெல்லா மிராந்தோலா. வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே கைகால் விரித்து நிற்கும் ஆணை லியனார்தோ வரைந்தது ஏறக்குறைய 1490-இல். விலங்குகளை நுட்பமான இயந்திரங்களாகக் கருதிய பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் நூல் 1637-இல் வந்தது. இவற்றையும் இவற்றைத் தொடர்ந்து வந்தவற்றையும் சேர்த்துப் பிழிந்தால் மூன்று கூற்றுகள் மிஞ்சும்:

1. மனிதனுக்கும் பிற உயிர்களுக்கும் உள்ள வேறுபாடு ஏற்றத்தாழ்வு அளவில் நிற்பதில்லை. அவன் வேறு இனமாகவே இருக்கிறான்.
2. அவனைப் பிரித்துக் காட்டுவது அறிவு. அந்த அறிவு அவன் தலைக்குள் மட்டும் குடியிருக்கிறது.
3. எனவே செய்பவன் அவன். மற்றவை எல்லாம் மூலப்பொருள் அல்லது கருவி.

பின்மானுடவாதம் என்று அழைக்கப்படும் எல்லாப் போக்குகளும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் மீதாவது கல்லெறிகின்றன.

தமிழில் எழுதுகிறவருக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குகிறது. மக்கள் அல்லாத அனைத்தும் அஃறிணை. யானை நடக்கிறது, ஆறு பாய்கிறது, கணினி எழுதுகிறது: வினைமுற்றின் கடைசி எழுத்துக்குள் நாம் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதே நூலின் மரபியலோ புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவில் தொடங்கி, மனிதருக்கு ஆறறிவு என்று படிப்படியாக ஏறுகிறது. ஓரிடத்தில் சுவர், இன்னோரிடத்தில் படிக்கட்டு. இதை வைத்து 'நாங்கள் அன்றே சொல்லிவிட்டோம்' என்று மார்தட்ட வேண்டாம். படிக்கட்டின் உச்சியிலும் மனிதர்தான் நிற்கிறார்.

## ஒரே பெயரில் இரண்டு எதிரிகள்

செய்திகளில் அடிக்கடி நடக்கும் பெரிய பிழை, பின்மானுடவாதத்தையும் டிரான்ஸ்ஹியூமனிசத்தையும் ஒன்றாக்குவது. பின்னதை மீமனிதவாதம் எனலாம். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1957-இல் அந்தச் சொல்லைப் பரப்பினார். 1998-இல் நிக் பாஸ்ட்ரமும் டேவிட் பியர்ஸும் அதற்கென ஓர் உலகச் சங்கமே தொடங்கினார்கள். ஆயுளை நீட்டு, நினைவாற்றலைக் கூட்டு, முடிந்தால் மனத்தைக் கணினியில் ஏற்றிவிட்டு உடலைக் கழற்றி எறி என்பது அதன் கனவு.

இந்தக் கனவில் வட்டத்துக்குள் நிற்கும் அந்த ஆண் எங்கும் போகவில்லை. இன்னும் உயரமாக வளர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். மீமனிதவாதம் மானுடவாதத்தின் முற்றிய வடிவம் என்று பின்மானுடவாதக் கோட்பாட்டாளர் கேரி வுல்ஃப் 2010-இல் வாதிட்டது இதனால்தான். இலக்கிய ஆய்வாளர் கேத்தரின் ஹேல்ஸ் 1999-இல் எழுதிய நூலின் இலக்கும் இதே கனவுதான். தகவலுக்கு உடல் தேவையில்லை என்ற எண்ணம், 1946 முதல் 1953 வரை பெரும்பாலும் நியூயார்க்கில் நடந்த மேசி மாநாடுகளில், சைபர்னெட்டிக்ஸ் (உயிர்களிலும் இயந்திரங்களிலும் கட்டுப்பாடும் தகவல் பரிமாற்றமும் எப்படி நடக்கின்றன என்று ஆராயும் துறை) வல்லுநர்கள் கையில் எப்படி உருவானது என்று அவர் துருவினார். சிந்தனை உடலோடு ஒட்டியது, உடல் சூழலோடு ஒட்டியது என்பது அவர் நிலை.

ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: உடலைத் தடையாகப் பார்க்கிறதா, நிபந்தனையாகப் பார்க்கிறதா? தடை என்றால் அது மீமனிதவாதம்.

## வந்த வழி

வம்சாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'மனிதன்' என்ற கருத்துரு அண்மைக்கால ஏற்பாடு, கடற்கரை மணலில் வரைந்த முகம்போல அழியக்கூடும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1966-இல் எழுதினார். இலக்கிய விமர்சகர் இஹாப் ஹசன் 1976-இல் ஆற்றி, அடுத்த ஆண்டு அச்சில் வந்த உரையில் போஸ்ட்ஹியூமனிசம் என்ற சொல்லை விவாதத்துக்குள் கொண்டுவந்தார். 1985-இல் டோனா ஹராவே, பாதி உயிர் பாதி இயந்திரமான சைபோர்க் உருவத்தைப் பெண்ணிய அரசியலுக்குள் இழுத்துவந்தார். வட்டத்துக்குள் நிற்பது ஏன் எப்போதும் ஆண், ஏன் எப்போதும் ஐரோப்பியன் என்ற கேள்வி அங்கிருந்து வலுத்தது. ('மனிதன்' என்ற தமிழ்ச் சொல்லின் 'அன்' விகுதி இதை மறைக்கக்கூட முயல்வதில்லை.) ரோசி பிரைதாட்டியின் 2013 நூல் இந்தப் போக்குகளைத் தொகுத்துக் கொடுத்த பிறகு, இலக்கியம், தத்துவம், வரலாறு, மானிடவியல் என்று துறை தோறும் அது பரவியது.

## எல்லை எங்கே? ஒரு குறிப்பேடும் ஒரு பூனையும்

தத்துவவாதிகள் ஆண்டி கிளார்க்கும் டேவிட் சால்மர்ஸும் 1998-இல் ஒரு கற்பனை மனிதரைப் படைத்தார்கள். பெயர் ஓட்டோ. அவருக்கு அல்சைமர் நோய். எதைத் தெரிந்துகொண்டாலும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார், எங்கே போனாலும் அதை எடுத்துச் செல்வார். ஒரு நாள் நியூயார்க்கின் நவீன ஓவிய அருங்காட்சியகத்துக்குப் போக விரும்புகிறார். குறிப்பேட்டைப் புரட்டுகிறார், 53-ஆம் தெரு என்று இருக்கிறது, நடக்கிறார். நோயில்லாத இங்கா என்ற பெண் ஒரு கணம் யோசிக்கிறாள், 53-ஆம் தெரு என்று நினைவு வருகிறது, நடக்கிறாள். இங்காவின் நினைவு அவள் மனத்தின் பகுதி என்றால், ஓட்டோவின் குறிப்பேடு ஏன் அவர் மனத்தின் பகுதி ஆகாது? எழுதிய இருவரும் தங்களைப் பின்மானுடவாதிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அல்லர். ஆனால் மேலே சொன்ன இரண்டாம் கூற்றை இவ்வளவு எளிமையாக அசைத்த எடுத்துக்காட்டு குறைவு.

உடலின் எல்லையும் இப்படித்தான் கசிகிறது. நம் உடலில் மனித செல்களைவிடப் பாக்டீரியாக்கள் 10 மடங்கு அதிகம் என்று பல்லாண்டுகள் சொல்லிவந்தார்கள். 2016-இல் வெளியான கணக்கு அதைத் திருத்தியது: மனித செல்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி. பழைய எண்ணைப் பின்மானுடவாத எழுத்துகள் இன்னும் மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவதைப் பார்க்கலாம். வாதத்துக்கு அந்த மிகை தேவையே இல்லை. சரிபாதி என்பதே போதுமான அதிர்ச்சி.

முதல் கூற்றுக்குப் பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா வந்த வழி விசித்திரமானது. 1997-இல் ஆற்றிய உரையில் அவர் ஒரு காட்சியை விவரித்தார்: குளியலறையில் ஆடையின்றி நிற்கும் தன்னைத் தன் பூனை பார்க்கிறது. வெட்கமாக இருக்கிறது. ஏன் வெட்கம்? விலங்கு வெறும் இயந்திரம் என்றால் அதன் பார்வை ஏன் சுட வேண்டும்? அவருடைய அடுத்த குற்றச்சாட்டு மொழி மீது. எறும்பையும் யானையையும் 'விலங்கு' என்ற ஒரே ஒருமைச் சொல்லில் அடைப்பது அறிவுச் சோம்பல் என்றார். நம் அஃறிணை இன்னும் தாராளமானது. கல்லும் கணினியும்கூட அதில் அடக்கம்.

## 'ஆல்' உருபின் சிக்கல்

மூன்றாம் கூற்றுதான் கனமானது. பள்ளி இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை படித்தவர்களுக்கு இது உடனே புரியும். 'உளியால் செதுக்கினான்' என்றால் உளி கருவி. 'தச்சனால் செய்யப்பட்டது' என்றால் தச்சன் இயற்றுதல் கருத்தா. 'அரசனால் கட்டப்பட்டது' என்றால் அரசன் ஒரு செங்கல்லும் தூக்கவில்லை. அவன் ஏவுதல் கருத்தா. மூன்றுக்கும் ஒரே 'ஆல்'. 'இயந்திரத்தால் வரையப்பட்ட படம்' என்ற தொடரில் இயந்திரம் உளியா, தச்சனா?

இரண்டுமே போதாது என்பார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் புருனோ லத்தூர். அவர் எடுத்துக்காட்டு வேகத்தடை. பள்ளி அருகே ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பது குழந்தைகள் மீதுள்ள அக்கறையால் இருக்கலாம், வண்டியின் அடிப்பாகம் அடிபடும் என்ற பயத்தால் இருக்கலாம். இரண்டாவது நிலையில், ஒரு காவலர் செய்ய வேண்டிய வேலையைச் சிமெண்ட் மேடு செய்கிறது. செயல் என்பது மனிதரும் பொருள்களும் சேர்ந்த வலையில் நிகழ்கிறது என்பது அவர் வாதம். இயற்பியல் படித்த கரன் பராட் 2007-இல் இன்னும் ஒரு படி போனார்: முதலில் தனித்தனிப் பொருள்கள், பிறகு அவற்றுக்கிடையே உறவு என்று எண்ணாதீர்கள், உறவிலிருந்துதான் பொருள்களே எல்லை பெறுகின்றன என்றார்.

அரசியல் கோட்பாட்டாளர் ஜேன் பென்னட் 2010-இல் ஒரு மின்வெட்டை எடுத்துக்கொண்டார். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். மின்கம்பி, மரம், மென்பொருள், சந்தை விதிகள், எலக்ட்ரான்கள், மனிதர்கள் என அனைத்தும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது, ஒருவரைப் பிடித்துக் குற்றவாளி என்று நிறுத்தத் தயங்குவதே நல்லது என்பது அவர் முடிவு.

இந்த இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அமெரிக்காவும் கனடாவும் அமைத்த கூட்டுக்குழு 2004-இல் இறுதி அறிக்கை தந்தது. கம்பியின் பாதையில் மரங்கள் சரியாக வெட்டப்படவில்லை, கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி செயலிழந்ததை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று அது வரிசைப்படுத்தியது. மரம் வளர்ந்தது உண்மை. கம்பி தாழ்ந்து மரத்தைத் தொட்டதும் உண்மை. மரத்தை வெட்டுவது மரத்தின் கடமை இல்லையே. எல்லோரும் சேர்ந்து செய்தது என்று தொடங்கும் வாக்கியம் யாரும் செய்யவில்லை என்று முடிய அதிக தூரம் போக வேண்டியதில்லை.

## நீதிமன்றத்தில் மூன்று பேர்: யானை, ஆறு, இயந்திரம்

தத்துவம் சட்டமாகும்போதுதான் பொருத்தமும் பொருந்தாமையும் தெரியும்.

யானை. நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் ஹேப்பி என்ற ஆசிய யானை. அதன் கண்ணுக்கு மேல் வெள்ளையில் குறியிட்டுக் கண்ணாடி முன் விட்டபோது, தும்பிக்கையால் தன் நெற்றியையே தொட்டுப் பார்த்தது. 2006-இல் வெளியான ஆய்வு இது. அதை விடுவிக்கக் கோரிய ஆட்கொணர்வு மனுவை 2022 ஜூனில் நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 5–2 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. ஆட்கொணர்வு என்பது மனிதருக்கான பாதுகாப்பு என்றது பெரும்பான்மை. இதைப் பின்மானுடவாதத்தின் தோல்வி என்று எழுதினால் தவறு. தன்னை அடையாளம் காண்கிறது, தன்விருப்பப்படி நடக்கிறது, அதாவது நம்மைப் போல இருக்கிறது என்பதே மனுவின் வாதம். பழைய அளவுகோலை வைத்து அளந்து, யானையும் அதை எட்டுகிறது என்றார்கள். கண்ணாடியைப் பார்த்தால் ஒன்றும் செய்யாத உயிர்களின் கதி என்ன?

ஆறு. 2017-இல் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு நாடுகளில் ஆறுகள் நபர்கள் ஆயின. நியூசிலாந்தில் வாங்கானுயி, இந்தியாவில், உத்தராகண்ட் உயர் நீதிமன்றத் தீர்ப்பால், கங்கையும் யமுனையும். ஒன்று நின்றது, ஒன்று சில மாதங்களில் முடங்கியது. காரணத்தைப் பார்க்க வேண்டும்.

வாங்கானுயி ஆற்றங்கரை மாவோரி மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உரிமை கேட்டுப் போராடிவந்தவர்கள். 'நான் ஆறு, ஆறு நான்' என்பது அவர்கள் வழக்கு. பேச்சுவார்த்தைக்குப் பின் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆற்றின் 'மனித முகமாக' இரண்டு பேர், ஒருவரை அரசும் இன்னொருவரை மாவோரி குலங்களும் முன்மொழிய வேண்டும். ஆற்றின் நலனுக்கென 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதி தனியாக ஒதுக்கப்பட்டது.

உத்தராகண்ட் தீர்ப்பு மாநிலத் தலைமைச் செயலாளர் உள்ளிட்ட அதிகாரிகளை ஆறுகளின் பெற்றோர் இடத்தில் வைத்தது. மாநில அரசே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. கங்கை பல மாநிலங்கள் வழியே பாய்கிறது, ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் எப்படி முழு ஆற்றுக்கும் பொறுப்பாவார்? வெள்ளத்தில் வீடிழந்தவர் ஆற்றின் மீது வழக்குப் போட்டால் இழப்பீட்டை யார் தருவது? அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

ஆற்றை நபராக்கியதால் மனிதர் விலகிக்கொள்ள முடியவில்லை. எந்த மனிதர், எந்தப் பணத்தோடு, யாரிடம் பதில் சொல்வார் என்று எழுதிவைத்த இடத்தில்தான் ஆறு நபராக நிற்கிறது.

இயந்திரம். ஸ்டீபன் தேலர் என்ற கணினி அறிவியலாளர், தன் இயந்திரம் உருவாக்கிய படத்துக்கு இயந்திரத்தையே ஆசிரியராகக் குறிப்பிட்டுப் பதிப்புரிமை கேட்டார். 2025 மார்ச்சில் வாஷிங்டனின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. இயந்திரத்துக்குச் சிந்தனை உண்டா என்ற தத்துவத்துக்குள் அது போகவே இல்லை. சட்டத்தின் வரிகளைப் படித்தது: உரிமை ஆசிரியரின் ஆயுளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, வாரிசுகளுக்குப் போகிறது, உரிமை மாற்றக் கையெழுத்து வேண்டும். இறக்காத, பிள்ளையில்லாத, கையெழுத்திடாத ஒன்றுக்கு இவை எப்படிப் பொருந்தும்? அங்கே இயந்திரம் உளியாகவே இருக்கிறது.

## இப்போது என்ன விவாதம்?

இந்த நூற்றாண்டில் மூன்று எதிர்ப்புகள் இந்தச் சிந்தனையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மாற்றிவருகின்றன.

1. *யார் மனிதராக இருந்தார்கள்?* கரீபியச் சிந்தனையாளர் சில்வியா விண்டர் 2003-இல் காட்டியது இது: ஐரோப்பிய 'மனிதன்' என்ற ஒரு வகை தன்னையே மொத்த மனித குலமாகக் காட்டிக்கொண்டது. அடிமையாக்கப்பட்டவர்கள் அந்த வட்டத்துக்குள் சேர்க்கப்படவே இல்லை. 'மனிதனைக் கடப்போம்' என்பது அவர்களுக்கு, சாப்பிடாத விருந்துக்குக் கை கழுவச் சொல்வதுபோல. சக்கியா இமான் ஜாக்சன் 2020-இல் இதை நீட்டி, கறுப்பின மக்களை விலங்காகச் சித்தரித்த வரலாற்றைத் தொடாமல் விலங்கு பற்றிப் பேச முடியாது என்று வாதிட்டார்.

2. *புதிதா இது?* கனடாவின் மெட்டி இனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஸோயி டாட் 2016-இல் எழுதிய கட்டுரை, தொல்குடிகள் காலங்காலமாகச் சொல்லிவருவதை ஐரோப்பியத் தத்துவவாதிகள் தம் கண்டுபிடிப்பாக அரங்கேற்றுவதைக் கடிந்துகொண்டது. வாங்கானுயி மக்கள் எந்தத் தத்துவ நூலையும் படித்துவிட்டு வழக்காடவில்லை.

3. *எரித்தது யார்?* சூழலியல் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் மால்ம் 2018-இல் வைத்த வாதம்: பருவநிலைச் சீர்குலைவின் காலத்தில் மனிதருக்கும் இயற்கைக்கும் இடையிலான கோட்டை அழிப்பது, நிலக்கரி எரித்தவர்களுக்கு வசதியாகிவிடும். எரிப்பதை நிறுத்த நிலக்கரியால் முடியாது.

மூன்றாவதற்கு எளிய மறுமொழி இல்லை. 'மானுட ஊழி' (ஆந்த்ரோபோசீன்) என்ற சொல்லே இந்த இழுபறியின் குழந்தை. மனித குலம் புவியியல் ஆற்றலாகிவிட்டது என்று 2009-இல் வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்ரவர்த்தி எழுதியபோது, மனிதரை மையத்திலிருந்து இறக்க முனைந்தவர்களுக்கு மனிதர் முன்னெப்போதையும்விடப் பெரிதாகத் தெரிந்தார்கள். 2024 மார்ச்சில் புவியியலாளர்கள் அந்த ஊழியை அதிகாரபூர்வ காலப்பிரிவாக ஏற்க மறுத்துவிட்டார்கள். கலைப்புலங்களில் அது ஒரு விவாதத்தையும் நிறுத்தவில்லை. ஹராவே போன்றோர் தரும் பதில், பொறுப்பு என்பதைக் குற்றம் சுமத்துவதாகப் பார்க்காமல் பதிலளிக்கும் திறனாகப் பார்க்க வேண்டும் என்பது. அழகான பதில். இழப்பீடு கேட்டு வந்தவரிடம் அதைச் சொல்ல முடியாது.

இந்த இடைவெளி செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் கூர்மையாகத் தெரிகிறது. ஹேல்ஸ் 2017-லேயே, நனவு இல்லாத அறிதல் என்று ஒன்று உண்டு, அது செடிகளிலும் இயந்திரங்களிலும் நிகழ்கிறது என்று எழுதிவிட்டார். உரையாடும் இயந்திரங்கள் பரவிய பிறகு அது பயனுள்ள கருத்து. 'சிந்திக்கிறதா, நடிக்கிறதா' என்ற இரட்டைக் கேள்விக்கு வெளியே ஒரு வழி கிடைக்கிறது. ஆனால் அறிதல் உண்டு என்பதிலிருந்து பொறுப்பும் உண்டு என்று தாவுவோர் இருக்கிறார்கள்.

ஐரோப்பிய நாடாளுமன்றம் அப்படி ஒருமுறை தாவப் பார்த்தது. 2017 பிப்ரவரியில் நிறைவேறிய தீர்மானம், மிக முன்னேறிய தன்னியக்க ரோபோக்களுக்குக் காலப்போக்கில் 'மின்னணு நபர்' என்ற தகுதி தந்து, அவை விளைவிக்கும் சேதத்துக்கு அவற்றையே பொறுப்பாக்குவது குறித்து ஆராயச் சொன்னது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், செயற்கை நுண்ணறிவு, சட்டம், அறவியல் துறைகளைச் சேர்ந்த 150-க்கும் மேற்பட்டோர் ஐரோப்பிய ஆணையத்துக்குத் திறந்த மடல் எழுதி எதிர்த்தார்கள். இயந்திரம் நபரானால் அதைச் செய்து விற்றவர் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார் என்ற அச்சமும் அந்த எதிர்ப்பில் இருந்தது. ஆணையம் அந்த யோசனையைச் சட்டமாக்கவில்லை. வாங்கானுயிக்கு மனித முகமாக இருவர் இருக்கிறார்கள். மின்னணு நபருக்கு அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம், இயந்திரத்தைச் செய்தவர், விற்றவர், வாங்கி இயக்கியவர் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.